அண்ணாச்சி வீட்டுப் பூநாரை

முத்துமாரி அச்சிட்ட படத்தை என் கணவர் கிங்ஸ்டன் சாப்பாட்டு மேசையில் விரித்தபோது நான் அடுப்படியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு படத்துக்குக் கிட்டே போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் தள்ளி நின்றே பார்த்தேன். அவ்வளவு தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் உறைத்தது படம் அல்ல, அதன் அளவு. கொச்சியில் நடக்கப்போகும் கண்காட்சிக்கு ஆள் உயரப் படங்கள் வேண்டும். என் அச்சு மிஷினில் அவ்வளவு அகலமான தாள் போகாது. அதனால் அவற்றைப் பெரிய மிஷின் வைத்து அச்சகம் நடத்தும் முத்துமாரியிடம் கொடுத்திருந்தார். எனக்கு அதில் வருத்தம் உண்டு என்றாலும் நியாயம் புரிந்தது. ஆனால் மேசையில் கிடந்தது சின்ன அளவு. இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்துத் தூக்குகிற அளவு. என் மிஷினில் தாராளமாக வரக்கூடியது. இத்தனை வருடமாக நான் மட்டுமே அச்சிட்டு வந்த அதே பூநாரை.

“சும்மா ஒண்ணு அடிச்சுப் பாக்கச் சொன்னேன்,” என்றார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனேன். உப்பளத்துத் தேக்கத்தில் விடிவதற்கு முன் ஒற்றைப் பூநாரை. இடப்பக்கம் பார்த்து ஒரு காலை எடுத்து வைக்கிறது. பின்னால் ஓலை மூடிய உப்பு அம்பாரங்கள். என் படத்தில் தண்ணீர் ஒரே கறுப்பாக இருக்கும். அம்பாரங்கள் அந்தக் கறுப்பிலிருந்து மெல்ல எழும். பறவை மட்டும் உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல நிற்கும். முத்துமாரி தண்ணீரைத் திறந்து விட்டிருந்தாள். மிகக் கொஞ்சம்தான். பறவையின் கால் கிளப்பிய வளையம் ஒன்று கரைவரை போய்த் தொடுவது தெரிந்தது. அந்த வளையம் ஃபைலில் இருப்பது எனக்கும் தெரியும். ஆரம்பத்திலேயே அதைப் பார்த்து, வேண்டாம் என்று இருட்டுக்குள் விட்டவள் நான்தான்.

கிங்ஸ்டன் என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மெதுவாக, எனக்குச் சொல்கிறமாதிரிகூட இல்லாமல் சொன்னார்:

“அன்னைக்குக் காலைல நான் பாத்தது இதான் ஷீலா.”

அப்படியானால் இத்தனை நாள் நான் கொடுத்துவந்தது என்ன? கேட்கவில்லை. தட்டு எடுத்து வைக்கவேண்டும், படத்தை எடுங்கள் என்றேன்.

எங்கள் வேலை எப்படி என்று சொல்ல வேண்டும். கிங்ஸ்டன் கப்பல் ஏஜென்சி ஒன்றில் இருக்கிறார். விடியுமுன் கேமராவோடு உப்பளத்துக்கோ புன்னைக்காயல் முகத்துவாரத்துக்கோ போய்விட்டு, வந்து குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவார். பறவைப் படத்தை விலைக்கு வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம் இல்லை, ஆனாலும் இருக்கிறார்கள். மதுரையில் ஒரு இதய டாக்டர் அதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறார். ஒரு படத்துக்குப் பத்துப் பிரதிகள்தான். ஒவ்வொன்றின் அடி ஓரத்திலும் பென்சிலால் எண்ணும் அவர் கையெழுத்தும் இருக்கும். பத்து முடிந்தால் அந்தப் படம் முடிந்தது. ஒரு பிரதி கெட்டுப்போனால் அதே எண் போட்டு வேறொன்று கொடுக்கலாம், ஆனால் பழையதை வாங்கியவர் கண்முன்னால் கிழித்துவிட வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு இருக்கக் கூடாது.

அந்தப் பிரதிகளைச் செய்கிறவள் நான். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் அச்சறை. உப்புக்காற்று நுழையாமல் ஜன்னலை அடைத்து, ஈரத்தை உறிஞ்சும் மிஷினை ஓடவிட்டு, பருத்தித் தாளை மடியில் குழந்தை கிடத்துவதுபோல் கிடத்தி வேலை செய்வேன். கல்யாண ஆல்பங்கள் அச்சிட்டுத்தான் எனக்கு வருமானம். கிங்ஸ்டனின் பறவைகள் வருமானத்துக்கு அல்ல. அவர் பார்த்ததை நான் பார்க்காமலே பார்க்கிற இடம் அது. ஃபைலைத் திறந்து, எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம், சிறகின் சிவப்பு எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று முடிவு செய்கிறவள் நான். என் பெயர் அதில் எங்கும் இருக்காது. இருக்கவேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை. கேட்காததைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். முத்துமாரி வந்த பிறகுதான் தெரிந்தது, கேட்காமலே எல்லாம் என்னுடையது என்று நம்பியிருந்தேன் என்று.

அவர் அவளோடு தப்பாகப் பழகுகிறார் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. நாசரேத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகலாம். அண்ணன்மார் வந்து கேட்பார்கள். பாஸ்டரிடம் முறையிடலாம், அவர் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஜெபம் செய்வார். என் கணவர் தன் பூநாரையை வேறொருத்தியிடம் அச்சிடக் கொடுத்துவிட்டார் என்று எந்தப் பாஸ்டரிடம் போய் அழுவது?

ஒரு வாரம் பேச்சில் அவள் பெயர் வந்துகொண்டே இருந்தது. தாளைப் பற்றி முத்துமாரி இப்படிச் சொல்லுதா, நிழலைப் பற்றி அப்படிச் சொல்லுதா. நான் அதே கருத்தைப் போன வருடமே சொல்லியிருப்பேன். அப்போது அது சாப்பாட்டுக்கு நடுவே பெண்டாட்டி பேசியது. இப்போது அது கருத்து.

போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். தாள் சுருள் தீர்ந்துவிட்டது, ஒன்று கடன் வேண்டும் என்று காரணம் வைத்துக்கொண்டேன். என் அலமாரியில் இரண்டு சுருள் இருந்தன.

கடற்கரைச் சாலையில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் அவள் அச்சகம். பெங்களூரில் பெரிய இடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவந்தவள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். கத்தரித்த முடி, கைகளில் வெள்ளை நூலுறை. அவளைப் பார்த்தவுடன் பிடிக்காமல் போக வேண்டும் என்று முழு மனதாக எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

“வாங்க மதினி,” என்று எழுந்து வந்து, உறையைக் கழற்றிவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கிங்ஸ்டனை அண்ணன் என்று கூப்பிடுவதால் நான் மதினி. அந்த உறவுமுறை எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. நாத்தனாரை எதிர்த்துக்கூட ஒன்றும் சொல்ல முடியாது.

சுவர் முழுக்கச் சோதனைத் துண்டுகள். ஒரு படத்தை முழுதாக அச்சிடுமுன் இருட்டையும் நிறத்தையும் பார்க்கச் சின்னதாக ஒன்று அடித்துப் பார்ப்போம். வேலை முடிந்ததும் குப்பையில் போடுவோம். அவள் அவற்றைச் சேகரிக்கிறாளாம். யாரையெல்லாமோ கேட்டு வாங்கி, ஊசி குத்தி வைத்திருந்தாள். யாரோ எடுத்த யானையின் காது, புலியின் முதுகில் ஒரு பட்டை, ஆமையின் ஓடு. முழுப்படம் எடுத்தவனுடையது, துண்டில்தான் அச்சிட்டவளின் மனசு தெரியும் என்றாள். நான் இத்தனை வருடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் சாதாரணமாக, யாரோ வந்த ஒரு பகலில், வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

அவள் மானிட்டருக்கு மேலே, கண்ணுக்கு நேராக, என் பூநாரையின் துண்டு ஒன்று இருந்தது. கறுப்புத் தண்ணீரும் பறவையின் காலும். கிங்ஸ்டன் கொடுத்திருக்கிறார்.

“அத மாதிரியே கொண்டுவரத்தான் மொதல்ல பாத்தேன்,” என்றாள். “வரல மதினி. உங்க கறுப்பு எனக்கு வரமாட்டேங்கு. எல்லாத்தயும் முழுங்கிருது, ஆனா பறவைய மட்டும் விட்டு வச்சிருக்கு. எப்படிச் செய்யுதிய? அதான் முடியாதுன்னு விட்டுட்டு எனக்கு வாரபடி அடிச்சேன்.”

புகழ்ச்சிதான். உண்மையாகவே சொன்னாள் என்பதும் தெரிந்தது. என் ஆத்திரத்துக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை.

“அந்தத் துண்ட நான் எடுத்துக்கிடட்டுமா?” என்று கேட்டேன்.

அவள் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு ஊசியைப் பிடுங்கி, துண்டை ஒரு உறைக்குள் வைத்துக் கொடுத்தாள். “அப்ப எனக்குன்னு ஒண்ணு அடிச்சுத் தாங்க,” என்றாள். நான் ஆகட்டும் என்றேன். தாள் சுருளையும் வாங்கிக்கொண்டேன், வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல். வீட்டுக்கு வந்து துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு எடுத்தேன்.

சரண்யாதேவியின் போன் வந்தது அதற்குப் பின்னால்தான். அவள் ராஜபாண்டி அண்ணாச்சியின் மருமகள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்திச்சி. அண்ணாச்சி தாமிரபரணிக் கரையில், ஏரலுக்கு அந்தப் பக்கம், நெல்லும் வாழையும் போடுகிற பெரிய சம்சாரி. பூநாரையின் முதல் பிரதியை வாங்கியவர் அவர். ஏஜென்சி வழியாக எதற்கோ எங்கள் வீட்டுக்கு வந்தவர், சுவரில் இருந்த படத்தின் முன்னால் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். அதன் எண் ஒன்று என்று தெரிந்ததும், முதல் விளைச்சல் என் வீட்டுக்கு வரட்டும் என்று எடுத்துப் போய்விட்டார். கிங்ஸ்டனின் பெயர் வெளியே தெரிய ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

படம் வெளிறிவிட்டது என்று சரண்யாதேவி சொன்னாள். மாட்டிய அன்று போனில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாளாம், நிறமே வேறாக இருக்கிறதாம். மாமாவிடம் சொன்னால் அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை, நீங்கள் வந்து பாருங்கள் என்றாள்.

எனக்குக் காரணம் புரிந்தது. அப்போது என்னிடம் இருந்தது சாய மை ஓடுகிற பழைய மிஷின். நிழலில் வைத்தால் நெடுங்காலம் இருக்கும், வெயில் பட்டால் இறங்கிவிடும். அதனால்தான் கிங்ஸ்டன் தாமே போய், உள்கூடத்தில் வெயில் படாத சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தார். அங்கே வெயில் எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை.

“மாத்திக் குடுத்திருவோம்,” என்றார். “முத்துமாரி அடிச்சது இருக்குல்லா.”

அவர் அதை யோசித்துக்கூடச் சொல்லவில்லை. பையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னார். நான் அச்சிட்ட முதல் பிரதியைக் கிழித்துவிட்டு, அதே எண்ணை அவள் படத்தின் ஓரத்தில் எழுதுவார். அதற்குப் பிறகு மிச்சப் பிரதிகளும் அவள் கைக்குத்தான் போகும், எல்லாம் ஒன்றுபோல இருக்கவேண்டும் அல்லவா.

“ஒண்ணாம் நம்பர் நான் அடிச்சது,” என்றேன். “அதுக்குப் பதிலும் நான்தான் அடிக்கணும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் குரல் அவருக்குப் புதிதாக இருந்திருக்கும். சண்டை போடவில்லை, அது அவர் பழக்கம் இல்லை. ரெண்டையும் எடுத்துட்டுப் போவோம், அண்ணாச்சியே சொல்லட்டும் என்றார்.

அந்த வாரம் முழுக்க அச்சறைக்குள் கிடந்தேன். வேறு வேலை எதையும் தொடவில்லை. ஒரு கல்யாண ஆல்பம் தள்ளிப்போயிற்று. முதலில் செய்தது என்னவென்றால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, முத்துமாரி செய்ததைச் செய்து பார்த்தேன். தண்ணீரைத் திறந்தேன். வந்தது. எனக்கும் வந்தது, வளையம் தெரிந்தது, கரை தெரிந்தது. ஆனால் அந்தப் படத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. யாரோ ஒருவர் ஒரு காலையில் ஒரு பறவையைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். திரும்பவும் இருட்டைக் கொண்டுவந்தேன். படிப்படியாக, தண்ணீர் மூடி, வளையம் மறைந்து, கரை முங்கி. அப்போதுதான் அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கே புலப்பட்டது. அவர் எழுந்து போவார். வெளிக்கதவுச் சத்தம் கேட்கும், பைக் தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்கும். அதன் பிறகு விடிகிறவரை நான் விழித்துக் கிடப்பேன், அவர் இப்போது என்ன பார்க்கிறாரோ என்று நினைத்துக்கொண்டு. என் படத்தில் இருந்தது அவர் பார்த்த காலை அல்ல. நான் படுத்துக் கிடந்த காலை. மதுரை டாக்டர் வீட்டிலும் பெங்களூரில் வாங்கியவர் வீட்டிலும் மாட்டி வைத்திருப்பது அதைத்தான், அவர் கையெழுத்தோடு.

அதில் எனக்கு ஒரு நிமிடம் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. முத்துமாரி இதைப் பார்த்திருப்பாளோ? அந்தத் துண்டைக் கண்ணுக்கு நேரே வைத்து இத்தனை நாள் பார்த்தவள்.

சனிக்கிழமை மத்தியானம் காரில் போனோம். பின் சீட்டில் இரண்டு படங்களும் ஒரே அட்டைக்குழாய்க்குள் சுருண்டு கிடந்தன. வாழைத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் வர ஆரம்பித்ததும் கிங்ஸ்டன் ஜன்னலை இறக்கினார்.

அண்ணாச்சி முன்னறையில் எங்களுக்காகவே உட்கார்ந்திருந்தார். “வாங்க தம்பி, வாங்கம்மா. பறவையப் பாக்க வந்தியளா? இல்ல புதுசா எதும் கொண்டாந்திருக்கியளா?” என்றார். மருமகள் போன் செய்ததே அவருக்குத் தெரியாது என்று தோன்றியது. சரண்யாதேவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

மேசையைத் துடைத்து, துணி விரித்து, இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். எது யார் செய்தது என்று சொல்லவில்லை. எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று மட்டும் கிங்ஸ்டன் கேட்டார்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். தாளைத் தொட்டுவிடுவாரோ என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். அவர் விரல் முத்துமாரியின் படத்துக்கு மேலே நின்றது.

“இதுல பறவைக்கு நிக்கத் தண்ணி இருக்கு. அதுல அந்தரத்துல நிக்குது.” என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சேர்த்துக்கொண்டார்: “அதும் நல்லாத்தாம்மா இருக்கு.”

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது பெண்ணைப் பார்த்துச் சொல்வதைப் போல. நான் சிரித்தேன். கன்னம் வலித்தது.

கிங்ஸ்டன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். முகத்தில் ஒரு நிம்மதி. அதை மறைக்க முயன்றார், முடியவில்லை. அவள் படத்தின் அடி ஓரத்தை இடது கையால் அமர்த்திக்கொண்டு, பென்சிலை வைக்கப் போனார்.

“பழையத மொதல்ல பாப்போம்,” என்றேன். “அதக் கிழிக்காம இதுல எழுதக் கூடாதுல்லா.”

அதை நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. இன்னும் ஐந்து நிமிடமாவது ஒன்றாம் எண் என்னுடையதாக இருக்கட்டும் என்றுதான்.

“எதக் கிழிக்கணும்?” என்றார் அண்ணாச்சி.

உள்கூடத்துக்குப் போனோம். கிங்ஸ்டன் ஆணி அடித்த சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியது. படம் எதிர்ச்சுவரில் இருந்தது, மேற்கு ஜன்னலுக்கு நேராக. அப்போது சாயங்கால வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் படத்தின் மேல் விழுந்து கிடந்தது.

கிங்ஸ்டன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஏன் அண்ணாச்சி மாற்றினீர்கள், நான் சொல்லித்தானே வைத்தேன் என்று கேட்டார்.

“அங்கன மாட்டுனா அது வாசலப் பாத்து நடக்குதுல்லா தம்பி. வீட்டுக்கு வந்த பறவை வெளிய போவலாமா? நாலு நாள் பொறுத்துப் பாத்தேன், மனசு ஒப்பல. அதான் இங்கன மாத்துனேன். இப்ப உள்ள வருது.”

உண்மைதான். இந்தச் சுவரில் பறவை வாசலுக்கு முதுகைக் காட்டி, அடுப்படியை நோக்கிக் காலெடுத்து வைத்தது.

நான் கிட்டே போனேன். பயந்துகொண்டே போனேன். சிறகின் சிவப்பு அநேகமாகப் போயிருந்தது, காய்ந்த ரோஜா இதழின் ஓரம்போல ஒரு கோடுதான் மிச்சம். பறவை வெளுத்திருந்தது. ஆனால் நான் பார்த்தது அதை அல்ல. என் கறுப்பு இறங்கியிருந்தது. இருட்டு பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகி, தண்ணீர் மேலே வந்திருந்தது. பறவையின் காலிலிருந்து வளையம் புறப்பட்டுப் போய்க் கரையைத் தொட்டது. நான் மூடி வைத்ததையெல்லாம் வெயில் ஒவ்வொரு சாயங்காலமும் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கிறது. முத்துமாரி ஒரு வாரத்தில் செய்ததை இந்த ஜன்னல் வருடக்கணக்கில் செய்திருக்கிறது. அவளைவிட நன்றாகவே செய்திருக்கிறது. எனக்கு ஜன்னல் மேலேயே பொறாமை வந்தது.

“நல்ல வேலப்பாடு தம்பி,” என்றார் அண்ணாச்சி எனக்குப் பின்னால். “வாங்கையில ஒரே இருட்டா இருந்துச்சு. கால் எங்க ஊனி நிக்குதுன்னே தெரியல. என்னடா இதுன்னு நெனச்சேன், வாய்விட்டுக் கேக்கல. பொறவு பாத்தா வருசா வருசம் விடியுது. மொதல்ல அம்பாரம் தெளிஞ்சுது. பொறவு தண்ணி தெரிஞ்சுது. இப்ப அந்தா அந்தக் கரை தெரியுது பாருங்க. எப்படித்தான் செஞ்சியளோ.”

சரண்யாதேவி மாமா என்று ஏதோ சொல்லப்போய் நிறுத்தினாள். கிங்ஸ்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதை எடுத்துக்கொண்டு புதியதைத் தருகிறோம், எண் அதேதான், ஆனால் இதைக் கிழித்துவிட வேண்டும், அதுதான் முறை என்று விளக்கினார். அண்ணாச்சி முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். நடந்து வந்து படத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார். துண்டு ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போயிற்று.

“பாதி விடிஞ்சு நிக்குறதயா கிழிக்கச் சொல்லுதிய? வேண்டாம் தம்பி. புதுசு நல்லாத்தான் இருக்கு, ஆனா அது இப்பவே விடிஞ்சுபோச்சு. அத நீங்களே கொண்டுபோயிருங்க.” பிறகு படத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: “சூரியன் எப்ப வரும்?”

கிங்ஸ்டன் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அது விடியவில்லை, அழிகிறது; இன்னும் சில வருடத்தில் பறவையும் போய்விடும், வெறும் தாள்தான் மிஞ்சும் என்று சொல்வார். சொன்னால் அண்ணாச்சி கேட்டுக்கொள்வார். படம் கிழியும். பென்சில் அவள் தாளில் எழுதும். அல்லது குறைந்தபட்சம் படத்தை நிழலுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். அதுதான் இந்தத் தொழில் தெரிந்தவள் செய்ய வேண்டியது. மாற்றினால் என் படம் பிழைக்கும், ஆனால் விடிவது நின்றுபோகும், ஏன் நின்றது என்று அவர் கேட்பார், அப்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

“பையத்தான் வரும் அண்ணாச்சி,” என்றேன். “அவசரப்படாது.”

அவர் தலையை ஆட்டினார். அதை அவர் எதிர்பார்த்தது போலவே ஆட்டினார். சரண்யாதேவி என்னை ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டு, மோர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அறிவியல் வாத்திச்சி, அவளுக்குத் தெரியும். போகிறபோக்கில் அவள் ஜன்னல் கதவைச் சாத்திவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாத்தவில்லை.

இருட்டுமுன் கிளம்பிவிட்டோம். அண்ணாச்சி ஒரு வாழைத்தாரை டிக்கியில் ஏற்றிவிட்டார். இரண்டு படங்களையும் கிங்ஸ்டன் திரும்பவும் ஒன்றாகச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டிருந்தார். எது உள்ளே, எது வெளியே என்று நான் பார்க்கவில்லை. ஆற்றுப்பாலம் தாண்டினோம்.

“அது போயிரும்னு நீ ஏன் சொல்லல?” என்று கேட்டார்.

“நீங்க ஏன் சொல்லல?”

ஒரு லாரியை முன்னே விட்டார். கண்ணாடியில் அதன் தூசி அடங்குகிறவரை பொறுத்தார். “அது உன் படம்லா,” என்றார். “நீ சொல்லணும், இல்ல விடணும்.”

இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை. இப்போது சொல்கிறார், அழிந்துகொண்டிருக்கிற ஒரு படத்தைப் பற்றி. அவர் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகத்தில் இருந்தது நல்ல சந்தோஷம் அல்ல என்று எனக்குத் தெரியும்.

மிச்சப் பிரதிகளை யார் அச்சிடுவது என்று கேட்டேன். சாலையைப் பார்த்தபடியே, முத்துமாரி அடிக்கட்டும் என்று இருக்கிறேன் என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, உனக்கு வருத்தமா என்றார். இல்லை என்றேன். நம்பினாரா தெரியாது. வருத்தம்தான். ஆனால் முன்பு இருந்த இடத்தில் இல்லை, சற்று நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

ஊர் நெருங்கியதும் உப்பளங்கள் வந்தன. அம்பாரங்கள் அந்திவெளிச்சத்தில் மங்கிக்கொண்டிருந்தன. தூரத்தில் தேக்கத்தில் நாலைந்து பறவைகள் நின்றன. என்ன பறவை என்று தெரியவில்லை. கிங்ஸ்டன் வண்டியை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார்.

வருடா வருடம் விடிகிற படம், சூரியன் எப்ப வரும் என்று அண்ணாச்சி கேட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கேட்கிறவளுக்கு நிழலும் சாயமும் தாளும் தெரிந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டுச் சட்டென்று சிரிப்பை நிறுத்துகிறவளாகவும் இருக்க வேண்டும். நினைத்துப் பார்த்தால் அப்படி ஒருத்திதான் எனக்குத் தெரிந்து இருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் முத்துமாரிக்குப் போன் செய்ய வேண்டும். அண்ணாச்சியின் விரல் முதலில் அவள் படத்தின் மேல் போய் நின்றதை விட்டுவிட்டு மிச்சத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.